கூடத்துக்கு வந்த கம்ப்யூட்டரின் மரியாதைகெட்ட சரித்திரம்

கம்ப்யூட்டரை மேசையிலிருந்து கிளப்பிக் கூடத்து டி.வி.க்குப் பக்கத்தில் குடிவைக்கலாம் என்று ஆரம்பத்திலேயே துணிந்தவர்கள் மாட்டுப் பண்ணைக்காரர்கள். கேலி இல்லை. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 1985-ல் டெட் வெய்ட் என்பவர் தன் குடும்பத்தின் மாட்டுப் பண்ணையில் தொடங்கிய கம்பெனிதான் கேட்வே 2000. பிறந்த இடத்தை மறைக்கும் பழக்கம் அவர்களுக்கு இல்லை. கம்ப்யூட்டர் வந்திறங்கும் அட்டைப்பெட்டியிலேயே கறுப்பும் வெள்ளையுமாக மாட்டுத்தோல் திட்டுகளை அச்சடித்து அனுப்புவார்கள்.

அந்தக் கேட்வே 1996-ல் ‘டெஸ்டினேஷன்’ என்றொரு பிரம்மாண்டத்தை இறக்கியது. 31 அங்குல மானிட்டர், ஒயர் இல்லாத கீபோர்டு, ரிமோட், விண்டோஸ் 95. விலை ஏறக்குறைய நாலாயிரம் டாலர். மானிட்டர் என்றால் இன்று சுவரில் காலண்டர் மாட்டுகிற ஆணியில் தொங்குகிறதே, அந்த ஜாதி இல்லை. பழைய பிக்சர் டியூப். நகர்த்த ஆள் கூப்பிட வேண்டும். சினிமாவைக் கம்ப்யூட்டரில், சோபாவில் சாய்ந்தபடி, பெரிய திரையில் பார்க்கலாம் என்பது வாக்குறுதி. எந்த சினிமா என்று மட்டும் யாரும் கேட்கக்கூடாது. அமெரிக்காவில் டிவிடி விற்பனைக்கு வந்ததே 1997 மார்ச்சில்தான். தேர் நிலையை விட்டுக் கிளம்பிவிட்டது, சாமி இன்னும் அலங்காரம் முடிந்து வரவில்லை என்ற நிலைமை. நாலாயிரம் டாலர் கொடுத்தவர்கள் அந்த ஒரு வருஷம் 31 அங்குலத்தில் எக்செல் பார்த்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

சாமி வந்தது, பூட்டோடு வந்தது. டிவிடிக்குள் இருக்கும் படத்துக்கு சிஎஸ்எஸ் என்ற பூட்டு. அதன் சாவி வெறும் 40 பிட். நிபுணர்கள் பார்த்துச் சிரிக்கிற அளவு சின்னது. ஆனாலும் பூட்டு பூட்டுதானே? விண்டோஸில் லைசென்ஸ் வாங்கிய மென்பொருள் போட்டால் படம் ஓடும். லினக்ஸ்காரன் காசு கொடுத்து வாங்கிய டிவிடியை, காசு கொடுத்து வாங்கிய டிரைவில் போட்டால் ஓடாது. 1999-ல் நார்வேயில் 15 வயதுப் பையன் யான் யோஹான்சன், முகம் தெரியாத இன்னும் இரண்டு பேரோடு சேர்ந்து, பூட்டைத் திறக்கும் டிசிஎஸ்எஸ் என்ற குட்டி நிரலை வெளியிட்டான். அமெரிக்க சினிமாத் தொழில் புகார் கொடுத்தது. நார்வேயின் பொருளாதாரக் குற்றப் பிரிவு, பையனின் வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர்களை அள்ளிக்கொண்டு போனது. 2003 ஜனவரியில் கோர்ட் சொன்ன தீர்ப்பு: அவன் வாங்கிய டிவிடியை அவன் பார்த்தான், இதில் குற்றம் எங்கே? அரசுத் தரப்புக்கு மனசு ஆறவில்லை. அப்பீல் போனார்கள். அதே வருஷம் டிசம்பரில் அதே தீர்ப்பை இன்னொரு தடவை கேட்டுவிட்டுத் திரும்பினார்கள்.

இந்தச் சரித்திரம் முழுக்க இந்த ஒரே கதைதான் வேஷம் மாற்றி வரும். பெரிய கம்பெனி பெட்டியைக் கூடத்துக்குக் கொண்டுவரும், கூடவே ஒரு பூட்டும் கொண்டுவரும். வேலைவெட்டி இருந்தும் எரிச்சல் தாங்காத எவனோ ஒருவன் அதைத் திறப்பான். பெட்டி ஓடும்.

அடுத்த எரிச்சல் 2002 ஏப்ரலில், ஐசக் ரிச்சர்ட்ஸ் என்ற புரோகிராமருக்கு வந்தது. அவர் வீட்டுக் கேபிள் பெட்டி சேனல் மாற்ற ஆற அமர யோசித்தது. நிகழ்ச்சிப் பட்டியல் முழுக்க விளம்பரம். நாமாக இருந்தால் கேபிள்காரருக்குப் போன் போட்டுக் கத்திவிட்டுத் தூங்கியிருப்போம். ரிச்சர்ட்ஸ் தானே ஒன்றை எழுத உட்கார்ந்தார். அதுதான் மித்டிவி. நிகழ்ச்சியைப் பதிவு செய்யும், விளம்பரம் எங்கே வருகிறது என்று கண்டுபிடித்துத் தாண்டும், எல்லாம் இலவசம். நிறுவுவதுதான் கொஞ்சம் பிரயத்தனம். முதலில் லினக்ஸ் போட வேண்டும். டியூனர் கார்டுக்கு டிரைவர் தேட வேண்டும். அப்புறம் மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் சர்வரை நிறுவி அதற்கு யூசர், பாஸ்வேர்டு எல்லாம் கொடுக்க வேண்டும். வங்கிக் கணக்கு வைக்கிற டேட்டாபேஸ் ஜாதி. ராத்திரி ஏழரை மணி சீரியலுக்கு இத்தனை முஸ்தீபு. அதைச் செய்து முடித்த ஆண்கள் சீரியலே பார்க்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

மைக்ரோசாஃப்ட்டும் அதே 2002-ல், அக்டோபரில், களத்துக்கு வந்தது. விண்டோஸ் எக்ஸ்பி மீடியா சென்டர் எடிஷன். நடுவே பச்சைப் பொத்தான் வைத்த ரிமோட். அழுத்தினால் நீல நிறத்தில் பெரிய பெரிய எழுத்தில் மெனு. சத்தியமாகச் சொல்கிறேன், அழகான வேலை. பத்தடி தூரத்திலிருந்து படிக்கிற மாதிரி ஒரு கம்ப்யூட்டர் திரையை அதற்கு முன்னால் அவ்வளவு ஒழுங்காக யாரும் செய்யவில்லை. அழகாக ஒன்று அமைந்துவிட்டதே, கடையில் தனியாக வைத்து விற்போம் என்றா நினைத்தார்கள்? கிடையாது. புதுக் கம்ப்யூட்டர் வாங்கினால்தான் அதோடு வரும் என்றார்கள். ஏற்கனவே கம்ப்யூட்டர் வைத்திருப்பவன், அதைத் தட்டிக்கொட்டி டி.வி.க்குப் பக்கத்தில் வைக்க ஆசைப்படுபவன், அவர்கள் கணக்கில் வாடிக்கையாளனே இல்லை.

கேபிள் பெட்டியோடு பேச அவர்கள் கண்டுபிடித்த வழி இன்னும் ரசமானது. மீடியா சென்டர் வாங்கினால் ஒரு நீள ஒயர் வரும், நுனியில் மிளகு சைஸில் ஒரு எல்இடி. அதைக் கேபிள் பெட்டியின் கண்ணுக்கு நேரே ஒட்ட வேண்டும். நீங்கள் கம்ப்யூட்டரிடம் சேனல் மாற்றச் சொன்னால், கம்ப்யூட்டர் அந்த எல்இடியைச் சிமிட்டும். கேபிள் பெட்டி, யாரோ மனிதர் ரிமோட்டை அழுத்துகிறார் என்று நம்பிச் சேனலை மாற்றும். ஆயிரக்கணக்கான டாலர் இயந்திரம், சோபாவில் உட்கார்ந்திருக்கும் ஆளாக ஆள்மாறாட்டம் செய்து பிழைத்தது. வீடு பெருக்கும்போது துடைப்பம் பட்டு அந்த எல்இடி அரை அங்குலம் விலகிவிட்டால், அன்றைக்குக் கிரிக்கெட்டுக்குப் பதில் சமையல் நிகழ்ச்சி பதிவாகியிருக்கும்.

2005 ஜனவரியில், லாஸ் வேகாஸில் நடந்த சிஇஎஸ் கண்காட்சியில் பில் கேட்ஸே மேடையேறினார். பக்கத்தில் டி.வி. நகைச்சுவைக்காரர் கோனன் ஓ’பிரையன். கேட்ஸ் ரிமோட்டை எடுத்தார், மீடியா சென்டரில் போட்டோக்களைக் காட்டப் போனார். திரை அசையவில்லை. மறுபடி அழுத்தினார். அசையவில்லை. கம்பெனியின் முதலாளி, கம்பெனியின் ரிமோட், கம்பெனியின் மேடை. ஓ’பிரையன் அந்த இடத்தில் சும்மா இருப்பாரா, கேட்ஸை வைத்துக்கொண்டே அவர் கம்பெனியைக் கிண்டலடித்தார். உலகெங்கும் கூடத்தில் கம்ப்யூட்டர் வைத்திருந்த குடும்பத் தலைவர்களுக்கு அன்று ஒரு ஆறுதல். தங்களுக்கு மட்டும் நடப்பதில்லை.

ஆனால் மைக்ரோசாஃப்ட் அதற்குள் ஒரு அருமையான கூடத்துக் கம்ப்யூட்டரைத் தயாரித்து விற்றுக்கொண்டுதான் இருந்தது. அது அவர்களுக்கே தெரியாது.

2001 நவம்பரில் வந்த எக்ஸ்பாக்ஸைச் சொல்கிறேன். விளையாட்டுப் பெட்டி என்று பெயர். மூடியைக் கழற்றினால் உள்ளே 733 மெகாஹெர்ட்ஸ் இன்டெல் பிராசசர், 64 எம்.பி. ராம், 8 ஜி.பி. ஹார்டு டிஸ்க், டிவிடி டிரைவ், டி.வி.யில் சொருக ஒயர். பக்கா பி.சி. போதாக்குறைக்கு, பெட்டியை அடக்க விலைக்கும் கீழே விற்று, விளையாட்டு டிஸ்க்குகளில் காசு பார்ப்பது மைக்ரோசாஃப்டின் திட்டம். அதாவது வேறு எவரிடமும் கிடைக்காத தள்ளுபடியில் கம்ப்யூட்டர் விற்றார்கள். மைக்ரோசாஃப்ட் கையெழுத்திடாத எதையும் ஓட்டாது என்ற ஒரே குறைதான். அதற்கான ரகசியம் சிப்புக்குள் 512 பைட்டில் ஒளிந்திருந்தது. எஸ்எம்எஸ் மூன்று நான்கு சேர்ந்தால் அவ்வளவு ஆகும்.

எம்ஐடியில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த ஆண்ட்ரூ ஹுவாங், நண்பர்கள் அழைப்பது ‘பன்னி’, போர்டில் இரண்டு சிப்புகளுக்கு இடையே ஓடும் தடத்தில் தானே செய்த ஒரு சின்ன சர்க்யூட்டைப் பற்றவைத்து, அந்தச் சிப்புகள் பேசிக்கொள்வதை ஒட்டுக்கேட்டார். சாவி கிடைத்துவிட்டது. எப்படிச் செய்தேன் என்று புத்தகம் எழுதினார். பதிப்பாளர் ஒப்புக்கொண்டு, பிறகு வழக்குக்குப் பயந்து பின்வாங்கினார். ஹுவாங் 2003-ல் முதலில் தன் செலவிலேயே வெளியிட்டார். லிண்டோஸ் என்று லினக்ஸ் விற்றுக்கொண்டிருந்த மைக்கேல் ராபர்ட்சன், எக்ஸ்பாக்ஸில் லினக்ஸ் ஓட்டிக் காட்டுபவர்களுக்கு 2 லட்சம் டாலர் பரிசு என்று பெயரைச் சொல்லாமல் அறிவித்துவிட்டு ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தார். அவருக்கும் மைக்ரோசாஃப்டுக்கும் ஏற்கனவே கோர்ட்டில் வாய்க்கால் தகராறு.

சால்டரிங் தெரியாத அப்பாவிகளுக்கும் வழி பிறந்தது. ‘007’ விளையாட்டையோ ‘மெக்அசால்ட்’டையோ போட்டு, சேமித்து வைத்த ஆட்டத்தைத் தொடரச் சொன்னால் போதும். சேமித்த ஃபைலில் எவனோ விஷமம் செய்து வைத்திருப்பான். ஜேம்ஸ் பாண்டுக்குப் பதிலாக லினக்ஸ் எழுந்து வரும். அந்த ஃபைலைப் பெட்டிக்குள் ஏற்ற வேண்டுமே? எக்ஸ்பாக்ஸின் ஜாய்ஸ்டிக் ஒயருக்குள் ஓடுவது சாதாரண யுஎஸ்பி, தலையை மட்டும் வேறு வடிவத்தில் செய்திருந்தார்கள். ஒயரை வெட்டி, அதே நிறத்து ஒயர்களை யுஎஸ்பி சாக்கெட்டோடு முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றினால் வேலை முடிந்தது. மஞ்சள் ஒயர் ஒன்று மிஞ்சும். அதை அப்படியே விட்டுவிடலாம். ஹார்டு டிஸ்க்கை மாற்றிப் பெரிதாக்க நினைத்தவர்கள் செய்ததைக் கேட்டால் எலக்ட்ரீஷியன்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். டிஸ்க்குக்குப் பாஸ்வேர்டு பூட்டு உண்டு. பெட்டி உயிர் பெறும்போது தானே அதைத் திறக்கும். திறந்த அந்த நிமிஷத்தில், கரன்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே, டேட்டா கேபிளைப் பிடுங்கிப் பக்கத்தில் மூடி திறந்து வைத்திருக்கும் பி.சி.யில் சொருக வேண்டும். செய்தார்கள். பெரும்பாலும் பிழைத்தார்கள்.

இந்தக் கூத்தெல்லாம் எதற்கு? படம் பார்க்க. 2002-ல் எக்ஸ்பாக்ஸ் மீடியா பிளேயர் என்று தொடங்கி, அடுத்த வருஷம் எக்ஸ்பிஎம்சி என்று பெயர் மாறிய ஒரு மென்பொருளுக்காக. பல நாட்டுப் பையன்கள் ராத்திரி கண்விழித்து, சம்பளமில்லாமல் எழுதியது. டிவிக்ஸ், எம்பி3, போட்டோ, பக்கத்து அறைக் கம்ப்யூட்டரில் இருக்கும் படம், எதைக் கொடுத்தாலும் ஓட்டியது. கடைகளில் எக்கச்சக்க விலைக்கு விற்ற மீடியா சென்டர் கம்ப்யூட்டர் செய்யாததை, மைக்ரோசாஃப்ட் நஷ்டத்துக்கு விற்ற பெட்டி செய்தது. இதில் சட்டச் சிக்கல் ஒன்றும் உண்டு. நிரலை எக்ஸ்பாக்ஸில் ஓடும் வடிவத்துக்கு மாற்ற மைக்ரோசாஃப்டின் சொந்தக் கருவித் தொகுப்பு தேவை. அது உரிமம் பெற்ற கம்பெனிகளுக்கு மட்டும். அதனால் எழுதியவர்கள் மூல நிரலை மட்டும் வெளியிட்டுவிட்டு, ஓடுகிற பிரதி எங்கே கிடைக்கும் என்று கேட்டால் வானத்தைப் பார்த்தார்கள்.

அந்த எக்ஸ்பிஎம்சிதான் லினக்ஸ், விண்டோஸ், மேக் எல்லாவற்றுக்கும் பரவி, 2014-ல் கோடி என்று பெயர் மாற்றிக்கொண்டது. பெற்றெடுத்த எக்ஸ்பாக்ஸை 2010-லேயே கைவிட்டுவிட்டார்கள், 64 எம்.பி.யில் எச்.டி. படம் மூச்சு வாங்கியது. மைக்ரோசாஃப்ட் தன் மீடியா சென்டரை விண்டோஸ் 8-ல் தனிக் கட்டணத்துக்குத் தள்ளியது, 2015-ல் விண்டோஸ் 10 வந்தபோது சத்தமில்லாமல் குழி தோண்டிப் புதைத்தது. 2017 டிசம்பரில் கோடி, மைக்ரோசாஃப்டின் கடையிலேயே, முறைப்படி அனுமதி பெற்று, எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கு வந்து சேர்ந்தது. யார் யாரை மன்னித்தார்கள் என்பது தெளிவாக இல்லை.

இந்தச் சீமைச் சண்டைகளின் மிச்சம் மீதிதான் நம்மூருக்கு வந்தது. மவுண்ட் ரோட்டுக்குப் பின்னால் ரிச்சி தெருவில் பாகம் பாகமாகப் பொறுக்கி, வீட்டுத் தரையில் பேப்பர் விரித்துப் பூட்டி, கூடத்தில் வைத்தோம். டி.வி. டியூனர் கார்டு ஒன்று போட்டால் கேபிள் வரும். பர்மா பஜாரில் வாங்கிய விசிடி ஓடும். ஒரு டிஸ்க்கில் 74 நிமிஷம்தான் அடங்கும், தமிழ்ப்படம் என்றால் ஒன்றிரண்டு தடவை எழுந்து டிஸ்க் மாற்ற வேண்டும். வீட்டில் அம்மா பெட்டியைச் சுற்றி வந்து ஒரே கேள்வி கேட்பார்: “ஏண்டா, ரிமோட்ல ஒண்ணு அமுக்குனா சன் டி.வி. வருமா, வராதா?” உலகத்தின் எல்லா ஹோம் தியேட்டர் கம்ப்யூட்டர்களும் தோற்ற பரீட்சை இதுதான். மேல்நாட்டில் மனைவியின் ஒப்புதலுக்கு ஒரு அளவுகோலே வைத்து, அதை மூன்றெழுத்தாகச் சுருக்கிப் பேசுவார்கள். நம் வீடுகளில் அம்மா, மாமியார், ஊரிலிருந்து வந்திருக்கும் பெரியப்பா என்று தேர்வுக்குழு கொஞ்சம் பெரிது. எக்ஸ்பிஎம்சியில் தமிழ்ப் பெயர்கள் வந்த லட்சணத்தையும் சொல்ல வேண்டும். ஒற்றைக் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், கால் எங்கோ தனியாகக் கிடக்கும். நாங்கள் பொதுவாகப் போஸ்டரைப் பார்த்தே படத்தைக் கண்டுபிடித்தோம்.

பிறகு பெட்டிகள் சாகத் தொடங்கின. கும்பல் கும்பலாக.

2000-களின் ஆரம்பத்தில் தயாரான மதர்போர்டுகளில் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்கள் வீங்கி, மண்டை பிளந்து, பழுப்பு நிறத்தில் கசிந்தன. காரணமாக அன்று பரவிய கதை துப்பறியும் நாவலுக்குப் போதும். ஜப்பானியக் கம்பெனியில் வேலை பார்த்த விஞ்ஞானி சீனாவுக்குப் போனார், அங்கிருந்தவர்கள் கெப்பாசிட்டருக்குள் ஊற்றும் திரவத்தின் செய்முறையைத் திருடித் தைவானுக்குக் கொண்டுபோனார்கள், அவசரத்தில் ஒரு முக்கியமான பொருளை எழுத விட்டுவிட்டார்கள் என்று. கதை எவ்வளவு உண்மையோ, வீக்கம் முழு உண்மை. நீர் கலந்த அந்தத் திரவம் உள்ளே அலுமினியத்தோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும், டப்பா உப்பும். அலுவலகங்களுக்கு விற்ற ஆப்டிப்ளெக்ஸ் கம்ப்யூட்டர்களைச் சரிசெய்ய டெல் கம்பெனி 2005-ல் 30 கோடி டாலர் ஒதுக்கியது. ஆப்பிளின் ஐமேக் ஜி5-யும் தப்பவில்லை. எக்ஸ்பாக்ஸுக்குக் கூடுதலாக இன்னொரு கிரகம்: நேரம் காட்டுவதற்கென்று வைத்திருந்த ஒரு கெப்பாசிட்டர் கசிந்து, சுற்றியிருக்கும் செப்புத் தடங்களைத் தின்றுவிடும். இன்றும் பழைய எக்ஸ்பாக்ஸ் வாங்குகிறவன் முதலில் செய்வது அதைப் பிடுங்கி எறிவதுதான். அதுவும் போதாதென்று 2005-ல், தீப்பிடிக்கும் அபாயம் என்று மைக்ரோசாஃப்ட் 1 கோடியே 41 லட்சம் பவர் கார்டுகளை மாற்றிக் கொடுக்க வேண்டியிருந்தது.

கூடத்துப் பெட்டிகளுக்கு இதில் விசேஷப் பங்கு. ஆபீஸ் கம்ப்யூட்டர் காற்றோட்டமாக மேசைக்கு அடியில் இருக்கும். இதை நாம் கண்ணாடிக் கதவு போட்ட டி.வி. ஸ்டாண்டுக்குள், செட்-டாப் பாக்ஸுக்கு மேலே, அழகுக்காக ஒரு லேஸ் துணி போர்த்தி வைத்தோம். கெப்பாசிட்டருக்குப் பத்து டிகிரி சூடு கூடினால் ஆயுள் பாதி என்று எஞ்சினியர்கள் கணக்குச் சொல்வார்கள். 105 டிகிரியில் 2,000 மணி நேரம் தாங்கும் என்று எழுதிய உருப்படி, 65 டிகிரியில் 32,000 மணி நேரம் ஓடும். விடாமல் ஓட்டினால் மூன்றரை வருஷத்துக்குக் கொஞ்சம் மேலே. லேஸ் துணி அதில் ஒன்றரை வருஷத்தைச் சாப்பிட்டிருக்கும்.

இந்த மாதிரி ஒரு போர்டைக் கையில் எடுத்துக்கொண்டு நான் ரிச்சி தெருவுக்குப் போனபோது, கடைக்காரத் தம்பி அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

“இதுக்குப் போர்டு மாத்திடலாம் சார்.”

“கெப்பாசிட்டர் மட்டும்தான் தம்பி போயிருக்கு. நாலு போட்டா ஓடும்.”

“ஓடும் சார். ஆனா புதுப் போர்டு போட்டா ராமும் புதுசு போடணும், பிராசசரும் புதுசு போடணும். ஃபுல் செட்டா மாத்திடலாம் சார், ஃபாஸ்ட்டா இருக்கும்.”

இந்த ‘ஆனா’ எந்த தர்க்கத்தில் வந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. எதிர்ச்சாரியில் உதிரிப்பாகக் கடையில் ஒரு பெரியவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, மைக்ரோஃபாரட் அதே இருக்கணும், வோல்ட்டேஜ் கூட இருந்தா பாதகமில்லே, 105 டிகிரி, லோ இஎஸ்ஆர், வெள்ளைக் கோடு மைனஸ் பக்கம் என்று நாலே வரியில் பாடம் எடுத்து, சில்லறைக் காசுக்கு ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார். பெட்டி ஓடியது. கூடவே காய்ந்து மண்ணாகிப் போன தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிது தடவி, ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டதில், ராத்திரி நேரத்தில் சோகக் காட்சிகளைக் கெடுத்துக்கொண்டிருந்த கர்புர் சத்தமும் போய்விட்டது.

ரிப்பேர் எப்போதுமே இப்படித்தான், சுலபம். அப்கிரேடு இருக்கிறதே, அதுதான் ஆளை விழுங்கும்.

2011-ல் இன்டெல் சாண்டி பிரிட்ஜ் பிராசசரைக் கொண்டுவந்தது. தனி கிராஃபிக்ஸ் கார்டு வேண்டாம், சூடு குறைவு, ஃபேன் சத்தம் குறைவு, கூடத்துக்கென்றே அளவெடுத்துத் தைத்தது என்று ஊரே கொண்டாடியது. ஒரே ஒரு குறை. சினிமா விநாடிக்கு 24 ஃபிரேம் என்று நாம் படித்திருக்கிறோம். டிஸ்க்கில் இருப்பது 23.976. காரணம் 1953. அந்த வருஷம் அமெரிக்காவில் டி.வி.க்குக் கலர் கொண்டுவந்த எஞ்சினியர்கள், கலர் சிக்னல் ஒலியோடு மோதாமலிருக்க விநாடிக்கு 30 ஃபிரேமை 29.97 ஆக்கினார்கள். ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகு, யார் கவனிக்கப் போகிறார்கள் என்று. அதோடு ஒத்துப்போக 24-ம் 23.976 ஆனது. கறுப்பு வெள்ளை டி.வி.யெல்லாம் மண்ணோடு மண்ணான பிறகும் எண் மட்டும் சாகவில்லை. இன்டெல் எஞ்சினியர்கள் சாண்டி பிரிட்ஜில் சுத்தமாக 24.000 கொடுத்தார்கள். விளைவு, ஏறக்குறைய 42 விநாடிக்கு ஒரு தடவை ஒரே ஒரு ஃபிரேம் இரண்டு முறை வரும். கண் இமைப்பதற்குள் போய்விடும் ஒரு திக்கல்.

சாதாரண மனிதன் ஆயுள் முழுக்க அதைக் கவனிக்க மாட்டான். ஒருமுறை எவனாவது சொல்லிவிட்டால் தொலைந்தது. அப்புறம் படம் பார்க்க மாட்டீர்கள், 42 விநாடியை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். கதாநாயகி விம்மி அழுகிற இடத்தில் “இப்ப பாரு, இப்ப பாரு” என்று வீட்டாரை உலுக்குவீர்கள். பல நல்ல குடும்பங்களில் அமைதி இப்படித்தான் கெட்டது. இன்டெல் அதைச் சீராக்க அடுத்த இரண்டு தலைமுறை ஆனது.

அதையும் பொறுத்துக்கொண்டு வந்தவர்களுக்கு இன்டெல் வைத்திருந்த பரிசு 4கே புளூ-ரே. அந்த டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் முறைப்படி ஓட்ட, பிராசசருக்குள் எஸ்ஜிஎக்ஸ் என்ற பாதுகாப்புப் பெட்டகம் வேண்டும் என்று விதி. இன்டெல்லின் ஏழாம் தலைமுறை பிராசசர், அதே பிராசசரின் கிராஃபிக்ஸ், அதற்கேற்ற மதர்போர்டு, எச்டிசிபி 2.2 என்ற நகல் தடுப்புப் பூட்டு தெரிந்த டி.வி., பவர்டிவிடி மென்பொருள். ஏஎம்டி வைத்திருந்தால் வாசலோடு சரி. இத்தனையும் காசு போட்டுச் சேர்த்தவர்கள் இருந்தார்கள். பிறகு அந்த எஸ்ஜிஎக்ஸில் ஆராய்ச்சியாளர்கள் வரிசையாக ஓட்டை கண்டுபிடித்தார்கள். இன்டெல், 11-ம் 12-ம் தலைமுறை பிராசசர்களில் பெட்டகத்தையே எடுத்துவிட்டது. 2022 ஜனவரியில் விஷயம் வெளியே வந்தபோது நிலைமை இதுதான்: பழைய கம்ப்யூட்டரில் படம் ஓடும், அதைவிட வேகமான புதுக் கம்ப்யூட்டரில் ஓடாது. பவர்டிவிடி கம்பெனியே வாடிக்கையாளர்களுக்குச் சொன்ன புத்திமதி, பிராசசரை மாற்றாதீர்கள், விண்டோஸ் 11-க்கும் போகாதீர்கள்.

மைக்ரோசாஃப்ட் ஏழாம் தலைமுறையை, விரல்விட்டு எண்ணக்கூடிய விதிவிலக்கு தவிர, விண்டோஸ் 11-ல் சேர்த்துக்கொள்ளவே இல்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவையும் 2025 அக்டோபர் 14-ல் முடித்துக்கொண்டது. சரி, இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கிவிட்டுப் பத்திரமாகப் படம் மட்டும் பார்ப்போம் என்றால், புளூ-ரே பூட்டின் சாவிகளைப் புதுப்பிக்க பவர்டிவிடி அவ்வப்போது இன்டர்நெட்டுக்குப் போயாக வேண்டும். முன்னால் போகாதே, நிற்காதே, ஒயரையும் பிடுங்காதே.

டிஸ்க் பார்ப்பவர்கள் பேசாமல் ஒரு தனி பிளேயர் வாங்கிவிடுங்கள், இந்த விளையாட்டில் நீங்கள் ஜெயிக்க முடியாது. ஆனால் பரணில் ஒரு பழைய பெட்டி கிடந்தால் எடைக்குப் போடாதீர்கள். தெர்மல் பேஸ்ட் மாற்றுங்கள், எஸ்எஸ்டி போடுங்கள், மதர்போர்டில் இருக்கும் வட்ட பேட்டரியை மாற்றுங்கள், உப்பியிருக்கும் கெப்பாசிட்டரை மாற்றுங்கள், லினக்ஸும் கோடியும் ஏற்றுங்கள். இன்னும் பல வருஷம் ஓடும். எஸ்எம்பிஎஸ் என்கிற பவர் சப்ளை டப்பாவை மட்டும் நீங்களாகத் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.